கொள்ளைநோய் ஆண்டில் எழுதப்பட்ட வீட்டுத் தோட்டம்



2020ஆம் ஆண்டில் மத்ரஸாக்கள் பூட்டிக் கிடந்த நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் கைப்பேசி வழியே நஹ்வுப் பாடம் ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "உஸ்தாத், மௌத்து வாசலில் நிற்கும்போது இந்த இலக்கணப் பாடம் எதற்கு?" என்று கேட்டார். அன்று நாம் சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் அந்தலுஸ் நாட்டின் வரலாற்றைப் படித்தபோது, அதைவிடக் கொடிய ஓர் ஆண்டில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றி அறிந்தோம். அவ்வாண்டில் அவர் விட்டுச் சென்றது, மண்ணையும் நீரையும் வீட்டைச் சுற்றிய பூந்தோட்டத்தையும் பற்றிய ஒரு கிதாபு. அதைப் பற்றியே இக்கட்டுரை.

அவர் பெயர் இப்னு லுயூன் அத்துஜீபி (ரஹ்). இன்றைய ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள அல்மரிய்யா நகரில் 1282இல் பிறந்தவர். முன்னோரின் பெரிய கிதாபுகளைச் சுருக்கி மாணவர்களுக்கு எளிதாக்கித் தருவதில் பெயர் பெற்றவர். வேளாண்மை பற்றி அவர் இயற்றிய நூல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்டது. முழுவதும் ரஜஸ் யாப்பில் அமைந்தது.

ரஜஸ் என்றதும் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு அல்ஃபிய்யா நினைவுக்கு வரும். நஹ்வு முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் தந்த இமாம் இப்னு மாலிக் (ரஹ்) அவர்களும் அந்தலுஸின் ஜைய்யான் நகரில் பிறந்தவரே. மாணவர் மனனம் செய்வதற்கு ஏற்ற யாப்பு அது. இலக்கணத்தை எவ்வாறு நெஞ்சில் பதித்தார்களோ, அவ்வாறே மண்ணின் வகையும் நீர் பாய்ச்சும் முறையும் நெஞ்சில் நிற்க வேண்டும் என்று அந்நாட்டு அறிஞர்கள் கருதினர். நடுகைக் கலை அவர்களிடம் ஓதிக்கொடுக்கத் தக்க இல்மாகவே இருந்தது.

இக்கலை இப்னு லுயூனோடு தொடங்கியதன்று. கி.பி. 961ஆம் ஆண்டைச் சேர்ந்த குர்துபா நாட்காட்டி, எம்மாதத்தில் எது பூக்கும், எப்போது எதை நட வேண்டும் என்று மாதந்தோறும் குறித்துச் செல்கிறது. ரோஜாவிலிருந்து பன்னீர் எடுப்பதற்குரிய வசந்த மாதமும் அதில் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலா நகரின் அரச தோட்டத்தில் பணியாற்றிய இப்னு பஸ்ஸால், ஹஜ்ஜை நிறைவேற்றியவர். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, தாம் கண்டறிந்ததை எழுதினார். 1085இல் அந்நகர் கைவிட்டுப் போனபின் இஷ்பீலியாவுக்குச் சென்று, அங்கும் தோட்டப் பணியையே தொடர்ந்தார். அடுத்த நூற்றாண்டில் அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம், 580க்கும் மேற்பட்ட தாவரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். அவர் ரோமர், கிரேக்கர், இராக்கின் பழங்குடி உழவர் ஆகியோரின் அறிவையும் பெயர் சொல்லி எடுத்தாண்டார். பிறரிடம் கற்றதை மறைக்காமல் சொல்லும் அமானிதம் அவரிடம் இருந்தது.

இப்னு லுயூன் அவ்விருப்பிலிருந்து எடுத்தவற்றைச் சுருக்கி, நூலின் இறுதியில் வீட்டுத் தோட்டத்தின் அமைப்பைக் கூறுகிறார். வீடு சற்று உயர்ந்த இடத்தில், தெற்கு நோக்கி இருத்தல் நன்று. கிணறும் நீர்த்தொட்டியும் மேட்டில் அமைய வேண்டும். கிணறு இல்லையேல் மரநிழலில் ஓடும் வாய்க்கால் போதும். தொட்டியை ஒட்டி இலை உதிராத, கண்ணுக்கு இனிய செடிகள். அவற்றை அடுத்துப் பலவகைப் பூக்கள். அதற்கும் அப்பால் என்றும் பசுமையான மரங்கள். ஓரங்களில் திராட்சைக் கொடிப்பந்தல். அதன் நிழலில் தோட்டத்தைச் சுற்றிவரும் நடைபாதை. வாடைக்காற்றைத் தடுக்கப் பெரிய பழமரங்கள். ஆனால் அவை வெயிலை மறைக்கக் கூடாது. நடுவில் அமர்ந்திருக்க ஒரு மண்டபம். அதன்மேல் படர ரோஜாக்கொடி.

இவ்வமைப்பில் நம் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. முதலாவது, மண்டபத்தில் பேசுவோரின் பேச்சு வெளியாள் செவியில் விழாதபடியும், எவரும் அறியாமல் அருகே வந்துவிட இயலாதபடியும் அது இருக்க வேண்டும் என்கிறார். இரண்டாவது, விருந்தினர் தங்குவதற்குத் தோட்டத்தின் கீழ்ப்பகுதியில் தனி வாசலோடு ஓர் அறையும், மரங்கள் மறைக்கும் ஒரு சிறு தடாகமும் வேண்டும் என்கிறார். வீட்டாரின் மறைவையும் விருந்தாளியின் கண்ணியத்தையும் பூச்செடிகளோடு சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார். இல்லத்தின் அதபு தோட்டத்திலும் நிலைபெற வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

அத்தோட்டங்களில் வளர்ந்தவற்றுள் பல, ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் தாமே தழைப்பவை. நர்கிஸ், வெண்லில்லி போன்றவற்றின் கிழங்குகள் கோடையில் மண்ணுக்குள் உறங்கும். மேலே பார்த்தால் செடி மடிந்துவிட்டது போலத் தோன்றும். பருவம் வந்ததும் மீண்டும் முளைத்துப் பூக்கும். மடிந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை மறுமைக்கு அத்தாட்சியாக அல்லாஹ் தன் வேதத்தில் பலமுறை நினைவூட்டுகிறான். வசந்தகாலத் தோட்டம் அந்த அத்தாட்சியை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. யாஸ்மின், நர்கிஸ், ரைஹானா என்று நாம் நம் பெண்மக்களுக்குச் சூட்டும் பெயர்கள் அத்தோட்டங்களில் மணம் வீசியவையே.

இனி அந்த ஆண்டுக்கு வருவோம். இந்நூல் நிறைவுற்றது 1348ஆம் ஆண்டு. ஆசியாவையும் ஐரோப்பாவையும் சூறையாடிய பெருங்கொள்ளைநோய் அல்மரிய்யாவுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். அந்நகரின் மருத்துவர் இப்னு காதிமா அந்நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். அடுத்த ஆண்டு, 1349இல், இப்னு லுயூன் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 

கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் இருக்கும் கன்றை நட முடிந்தவர் நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தக் கன்றின் நிழலில் எவரும் அமரப்போவதில்லை. அதன் கனியை எவரும் பறிக்கப்போவதில்லை. ஆயினும் நடச் சொன்னார்கள். பலன் காண்பது அடியானின் பொறுப்பன்று. நடுவதே அவன் பொறுப்பு. அன்று அந்த மாணவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

பின்னர் நிகழ்ந்தவை துயரமானவை. 1489இல் அல்மரிய்யாவும் 1492இல் கர்னாத்தாவும் வீழ்ந்தன. சில ஆண்டுகளில் கர்னாத்தாவின் சதுக்கத்தில் அரபுக் கிதாபுகள் எரிக்கப்பட்டன. 1567இல் அரபு மொழி தடை செய்யப்பட்டது. 1609 முதல் 1614 வரை எஞ்சியிருந்த முஸ்லிம் மரபினரும் நாடு கடத்தப்பட்டனர்.

ஆனால் தோட்டத்தை நாடு கடத்த இயலவில்லை. ஸ்பானிய மொழியில் இன்றும் ஆரஞ்சுப் பூவுக்கு அஸஹார் என்று பெயர், அரபியின் அஸ்ஸஹ்ர். வெண்லில்லி அஸுஸேனா, அது அஸ்ஸவ்ஸன். மணமிக்க மிர்ட்டில் புதர் அர்ராயான், அது அர்ரைஹான். வாய்க்கால் அஸேகியா, அது அஸ்ஸாகியா. குளம் அல்பெர்கா, அது அல்பிர்கா. குர்துபாவில் ஒவ்வொரு மே மாதமும் மக்கள் தம் வீட்டு முற்றங்களைப் பூக்களால் நிறைத்துப் பிறருக்குத் திறந்து வைக்கின்றனர். 2012இல் யுனெஸ்கோ அவ்விழாவை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. அம்முற்றங்களுள் பல மிகச் சிறியவை. சுவரில் தொங்கும் மண்தொட்டிகளே அங்கு தோட்டம். இப்னு லுயூனின் கிதாபும் எரியாமல் கர்னாத்தாவில் ஒரு பிரதியாகக் காக்கப்பட்டு வருகிறது.

அன்பர்களே, நம்மில் பலருக்குக் கொல்லையும் முற்றமும் இல்லை. மொட்டைமாடியும் ஜன்னல் விளிம்புமே உண்டு. அதுவும் போதும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. உங்கள் தொட்டிப் பூவில் தேனுண்ணும் தேனீயும் அதில் சேரும் என்று நாம் ஆதரவு வைக்கிறோம். பிள்ளைகளின் கையாலேயே ஒரு செடியை நடச் சொல்லுங்கள். நீர் ஊற்றும்போது அல்மரிய்யாவின் அந்த ஆசிரியரைப் பற்றியும் சொல்லுங்கள்.

அல்லாஹ் அவருடைய கப்ரைச் சுவனப் பூங்காவாக ஆக்குவானாக. நம் கையிலுள்ள கன்றை நட்டுவிட்டுச் செல்லும் தௌஃபீக்கை நமக்கும் தருவானாக. ஆமீன்.