திருப்பூர்ச் சாயத்தொழிலும் நொய்யல் ஆறும்

பருத்தித் துணிக்கு நிறம் ஏற்றுவது தமிழகத்தின் பழைய தொழில்களுள் ஒன்று. செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயங்களுடன் நெடுங்காலம் நடந்த இத்தொழில், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்பூரில் வேதிச் சாயங்களைக் கொண்ட பெருந்தொழிலாக வளர்ந்தது. அந்த வளர்ச்சி பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. நொய்யல் ஆற்றையும் அதை நம்பிய உழவர்களையும் பாதித்தது.

நிறமும் சாயமும்

வெள்ளை ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. சாயம் அவற்றில் சிலவற்றை உறிஞ்சிக்கொள்கிறது; எஞ்சியவை நம் கண்ணை வந்தடைகின்றன. சிவப்புத் துணி நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிக்கொள்வதால் சிவப்பாகத் தெரிகிறது. ஆனால் நிறம் இருந்தால் மட்டும் ஒரு பொருள் சாயமாகிவிடாது. துவைத்தாலும் போகாதபடி நூலில் அது பிடித்து நிற்க வேண்டும். பருத்தியில் சாயம் எளிதில் பிடிக்காது. ஆகவே சாயத்தொழிலின் வரலாற்றை இந்தப் ‘பிடிப்பை’த் தேடிய வரலாறு எனலாம்.

இயற்கைச் சாயங்கள்

அவுரி இலையிலிருந்து நீலமும் சாயவேரிலிருந்து சிவப்பும் கிடைத்தன. அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கினால் காற்றுபட்டு நீலம் உருவாகும். சாயவேரின் சிவப்பு துணியில் நிற்பதற்குப் படிகாரம் தேவைப்பட்டது. படிகாரம் நூலையும் சாயத்தையும் இணைக்கும் பாலம் போன்றது. இம்முறைகளில் உருவான சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் பெருமளவில் ஏற்றுமதி செய்தன.

வேதிச் சாயங்களின் வருகை

1856இல் இங்கிலாந்தைச் சேர்ந்த 18 வயது மாணவர் வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் இந்தியாவில் அவுரிச் சாகுபடி சரிந்தது.

பருத்திக்கு உரிய திருப்புமுனை 1956இல் வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் வினைபுரி சாயங்களை அறிமுகப்படுத்தியது. இவை நூலின் மேல் ஒட்டுவதோடு நிற்காமல், அதன் மூலக்கூறுடன் வேதிப்பிணைப்பு கொள்கின்றன. இதனால் பளிச்சென்ற நிறம் கிடைத்தது. சாயமும் எளிதில் போகவில்லை.

ஆனால் இதற்கு உப்பு வேண்டும். நீரில் பருத்தி நூலும் சாயமும் எதிர்மின் தன்மை பெறுவதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அந்த விலக்கத்தைக் குறைத்து, சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஒரு லிட்டர் சாய நீருக்கு ஏறத்தாழ 30 முதல் 100 கிராம் உப்பு சேர்ப்பர். நிறம் அடர்த்தியாக இருந்தால் உப்பும் அதிகம். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரில் போய்விடும். பிடிக்காத சாயமும் அதனுடன் போகும்.

வெள்ளைப் பனியனிலிருந்து வண்ண ஆடைக்கு

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. நீண்டகாலம் வெள்ளைப் பனியனே அதன் முதன்மைப் பொருள். 1980களில் ஏற்றுமதி பெருகியபோது வண்ண டீ-சர்ட்டுகளுக்குத் தேவை எழுந்தது. ஆற்றங்கரையிலும் ஊரைச் சுற்றிலும் சாயப்பட்டறைகள் பெருகின. கழிவுநீர் நொய்யலில் கலந்தது.

கீழ்ப்பகுதிப் பாசனத்துக்காகச் சென்னிமலை அருகே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. பாசனத்துக்கு நீர் கேட்க வேண்டிய உழவர்களே, அணையைத் திறக்க வேண்டாம் என்று கோரும் நிலை வந்தது.

ஆற்று நீரின் நிறம் எல்லோர் கண்ணிலும் பட்டது. நிலத்தை அதிகம் கெடுத்ததோ கண்ணுக்குத் தெரியாத உப்பு. ஒரு குவளை நீரில் உப்பைக் கரைத்துப் பார்த்தால் இது விளங்கும்: நீர் தெளிவாகவே இருக்கும், ஆனால் செடிக்கு உதவாது. கழிவுநீரின் நிறத்தை மட்டும் நீக்கிய தொடக்ககாலச் சுத்திகரிப்பு போதாமல் போனதற்குக் காரணம் இதுவே.

நீதிமன்றத் தீர்ப்புகள்

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் தண்டத்தொகையை விதித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்பின்னும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. உழவர்களுக்கு நியாயம் கிடைத்த அதே நாளில் சாயத் தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

இன்றைய நிலை

கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பட்டறைகள் பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் மூலம் நீர் பிரிக்கப்படுகிறது. எஞ்சும் உப்புக் கரைசல் மீண்டும் சாயமேற்றவே பயன்படுகிறது. இதற்கு மின்சாரமும் பணமும் மிகுதியாகச் செலவாகின்றன. மறுபடி பயன்படாத கலப்பு உப்பையும் கசடையும் என்ன செய்வது என்பது இன்னும் தீராத சிக்கல். முன்பு ஆறு சுமந்த செலவின் ஒரு பகுதியை இப்போது ஆடையின் விலை சுமக்கிறது.