லினக்ஸும் ஏச்சும்

அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளை இயக்கும் லினக்ஸ் கருவை 1991இல் எழுதத் தொடங்கியவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ். மறுவருடமே, மினிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய பேராசிரியர் அன்ட்ரூ டானன்பாம் லினக்ஸ் காலாவதியானது என்றார். மாணவர் கடுஞ்சொற்களால் பதிலடி கொடுத்தார். மறுநாள் தொனிக்காக மன்னிப்பும் கேட்டார்.

பின்னாளில் மன்னிப்பு குறைந்து ஏச்சு கூடியது. பிழையான நிரல் அனுப்பிய பொறியியலாளர்கள் எல்லோர் முன்னிலையிலும் அவமதிக்கப்பட்டார்கள். தொழில்நுட்பக் கண்டிப்பு என்று பலர் நியாயம் சொன்னார்கள். நிரலின் பிழையைச் சொல்ல, எழுதியவரின் மூளையை ஏன் இழுக்க வேண்டும்? லினக்ஸுக்கு யு.எஸ்.பி 3.0 ஆதரவை எழுதிய பொறியியலாளர் 2013இல் இதை நேரடியாக எதிர்த்தார். 2015இல், தாம் விலகியதைப் பகிரங்கமாக அறிவித்தார்.

2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார். அந்நாட்களிலேயே புதிய நடத்தைக்கோவையும் ஏற்கப்பட்டது. ஒக்டோபரில் அவர் பணிக்குத் திரும்பினார்.