சீனித் தோட்டத்திலிருந்து சீபீல்டு வரை

சுபாங் ஜெயா என்றதும் இன்று பேரங்காடிகளும் தனியார் கல்லூரிகளும்தான் நினைவுக்கு வரும். 1976-இல் நகர் எழத் தொடங்கும் முன்பு இது சீபீல்டு ரப்பர் தோட்டம். தமிழர்கள் பால்மரம் சீவிய மண். தோட்டம் மறைந்துவிட்டது. மாரியம்மன் ஆலயத்தோடு சேர்ந்து சீபீல்டு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

தோட்டத் தொழிலுக்கு இந்தியர்களைக் கப்பலேற்றும் வழக்கம் வேரூன்றிய கதை ரப்பரில் தொடங்கவில்லை, சீனியில் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுக நகரில் 1764-இல் பிறந்தவர் ஜான் கிளாட்ஸ்டன். லிவர்பூலில் பெரும் வணிகரானார். இன்றைய கயானாவின் டெமராரா பகுதியில் கரும்புத் தோட்டங்களை வாங்கினார். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1823 ஆகஸ்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை கேட்டு எழுந்தனர். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், கிளாட்ஸ்டனின் சக்சஸ் தோட்டத்தைச் சேர்ந்த ஜாக் கிளாட்ஸ்டன். எசமானின் பெயரையே சுமந்த அடிமை அவர்! எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. 1829-இல் எசமானோ ஸ்காட்லாந்தில் ஃபாஸ்க் என்ற பண்ணை மாளிகையை வாங்கினார்.

1834-இல் அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டன் இரண்டு கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அது அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. 2,508 பேருக்காகக் கிளாட்ஸ்டன் பெற்றது 106,769 பவுன். விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இனிக் கரும்பு வெட்ட யார்? மொரீஷியசுக்கு இந்தியர்கள் அனுப்பப்படுவதை அறிந்த கிளாட்ஸ்டன், 1836 ஜனவரியில் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் அர்புத்நாட் நிறுவனத்துக்கு எழுதி ஆள் கேட்டார். போகுமிடமும் பயண தூரமும் அம்மக்களுக்குத் தெரியாது என்பதை அந்நிறுவனம் தன் பதிலில் மறைக்கவில்லை. 1838 மே 5-இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற கப்பல்களில் 396 பேர் கரையிறங்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தம். விரைவிலேயே அடி உதைப் புகார்கள் கிளம்ப, ஆளனுப்புவது சில ஆண்டுகள் தடைபட்டது. 1845-இல் மீண்டும் தொடங்கியபோது சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன.

கிளாட்ஸ்டன் மலாயாவில் தோட்டம் வைத்தவரல்லர். ஆனால் அதே நூற்றாண்டில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1910-இல் மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கூலி முறையை அடிமை முறை என்று சொல்லிவிட முடியாது. சம்பளம் உண்டு, தவணையும் உண்டு. ஆயினும் மலிவான உழைப்பு, எளிதில் விலகிப் போக முடியாத ஆள் என்ற முதலாளியின் கணக்கு மாறவில்லை.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டனின் வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று, அடிமை முறைக்கும் ஒப்பந்தக் கூலி முறைக்கும் மன்னிப்புக் கேட்டனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகரங்களானபோது நிலத்தின் விலை நில உடைமையாளர்களுக்குச் சேர்ந்தது. லயங்களைக் காலி செய்த பலருக்கு ஒரு வீடு கிடைப்பதே போராட்டமாக இருந்தது. இழப்பீடு யாருக்கு என்று 1834-இல் எழுந்திருக்க வேண்டிய கேள்விதான் இங்கும் எழுகிறது. தோட்டப் பாட்டாளிகளின் வரலாற்றை இளைய தலைமுறை எழுதி வைத்தால்தான் அந்தக் கேள்வியும் பிழைக்கும்.