வகுப்பறைக் கேள்வியில் பிறந்த தேற்றம் - பேராசிரியர் சி.ஆர்.ராவ்

பாடம் நடத்துபவருக்கு ஆராய்ச்சி செய்ய நேரம் இருக்காது; ஆராய்ச்சியில் மூழ்கியவருக்குப் பாடம் நடத்தப் பிடிக்காது. கல்லூரிகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒரு புள்ளியியல் தேற்றம், மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியால்தான் பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி ஹடகலி என்ற ஊரில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அந்த ஊர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளில் அவர் எட்டாவது. தாயார் லட்சுமிகாந்தம்மா தினமும் விடியற்காலை 4 மணிக்கு அவரை எழுப்பி, விளக்கேற்றி வைத்துப் படிக்கச் சொல்வாராம்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த ராவ், போர்க்கால வேலை ஒன்றைத் தேடிக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றி அங்கே தெரிந்துகொண்டார். 1941-ல் அதில் சேர்ந்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த புள்ளியியல் முதுகலைப் படிப்பை 1943-ல் முடித்தார். முடித்த கையோடு அங்கேயே பாடம் நடத்தவும் ஆரம்பித்துவிட்டார்!

ஒருநாள் வகுப்பில் ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு ஊர் மக்களின் சராசரி உயரத்தை, சிலரை மட்டும் அளந்து மதிப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேறு சிலரை அளந்தால் விடை சற்று மாறும். இந்த ஏற்ற இறக்கம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று ஃபிஷரின் முடிவு சொல்லும். ஆனால் அளந்தவர்களின் எண்ணிக்கை மிக மிகப் பெரிதாக இருந்தால்தான் அது பொருந்தும்.

அப்போது தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, "எண்ணிக்கை சிறியதாக இருந்தால் இப்படி ஓர் எல்லை உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடைமுறையில் யாரிடமும் முடிவில்லாத தகவல்கள் இருப்பதில்லையே! ஆசிரியரிடம் அப்போது பதில் இல்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அவர் மாணவரை உட்கார வைக்கவில்லை. வீட்டுக்குப் போய் இரவில் வெகுநேரம் உழைத்தார். மறுநாள் வகுப்பிலேயே நிரூபித்துக் காட்டினார்!

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான முறையைக் கையாண்டாலும், ஒருபக்கம் சாயாத மதிப்பீட்டின் ஏற்ற இறக்கத்தை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதே அந்த முடிவு. 1945-ல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அது வெளியானது. சுவீடனைச் சேர்ந்த ஹெரால்ட் கிராமரும் தனியாக இதே முடிவை அடைந்து, 1946-ல் தம் நூலில் வெளியிட்டார். அதனால் 'கிராமர்-ராவ் எல்லை' என்று பெயர் வந்தது. இன்று ரேடார் பொறியாளர்கள் வரை பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கேள்வி கேட்ட மாணவர் பிற்காலத்தில் இந்திய வறுமை பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் வி.எம்.தாண்டேகர்தான்!

பிறகு ராவ் கேம்பிரிட்ஜ் சென்று, ஃபிஷரிடமே ஆய்வு செய்து 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார். விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து, சுமார் முப்பது ஆண்டுகள் மாணவர்களை உருவாக்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு அவரிடம் வந்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன் அவர்களில் ஒருவர். 1963-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்ற வரதனுக்கு, கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு 2007-ல் கிடைத்தது.

ராவுக்கு 2001-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2023-ல், தம் 102-ஆம் வயதில், சர்வதேசப் புள்ளியியல் பரிசையும் பெற்றார். இந்தப் பரிசுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் முதன்மையானது 1945-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி அமெரிக்காவில் காலமானார்.

தெரியாத கேள்வியை ஒரு ஆசிரியர் அவமானமாக நினைத்தால் வகுப்பு அன்றோடு முடிந்துபோகும். ராவ் அதை வேலையாக எடுத்துக்கொண்டார். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவர்களும், கேட்டால் கோபிக்கும் ஆசிரியர்களும் இதை நினைவில் வைத்தால் நல்லது!