ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு ஓர் ஏடு

காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், பூகோளம் எடுத்த மெசியே ஒரு நாள் கரும்பலகையில் புனல் மாதிரி ஒரு படம் போட்டார். அதன் கீழே ‘எஸ்த்துயேர்’ என்று எழுதினார். பிரான்சில் போர்தோ நகரத்துப் பக்கம் இரண்டு ஆறுகள் சேர்ந்து, அகன்று, அட்லாண்டிக் கடலில் விழுகிற இடம் அது. நாங்களும் அதை நெட்டுருப் போட்டோம். பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் அரசலாறு கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் ஓர் எஸ்த்துயேர்தான் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது முகத்துவாரம். அங்கே மடவை மீன் துள்ளும். கோடையில் மணல்திட்டு வாயை அடைக்கும். ஐப்பசி வெள்ளம் வந்து அதை உடைக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் குடும்பத்தோடு இந்த ஏனாத்தூருக்கு வந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் பேரன் ஒரு நாள் கேட்டான்: “தாத்தா, ஆறு கடலில் சேருகிற இடத்தை ஆராய்வதற்குக்கூடவா ஒரு சங்கம் வைப்பார்கள்? கூடிக்கூடி அவர்கள் என்னதான் செய்வார்கள்?” அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கழிமுகம் என்பது ஒரு துறைக்குள் அடங்காத இடம். தண்ணீரின் உப்பைப் பார்ப்பவர் ஒருவர், சேற்றில் வாழும் புழுவையும் நண்டையும் எண்ணுபவர் ஒருவர், மீன் குஞ்சைப் பார்ப்பவர் இன்னொருவர், கரையோர மரத்தைப் பார்ப்பவர் வேறொருவர். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசாவிட்டால் அந்த இடம் புரியாது. தவிர, ஒரு முகத்துவாரம் போல இன்னொன்று இருப்பதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட சங்கங்கள் பெரும்பாலும் வட்டாரச் சங்கங்களாகவே பிறந்தன. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1949ல் ஒன்று தோன்றியது. 1969ல் அதற்கு வடக்கே நியூ இங்கிலாந்தில் ஒன்று தோன்றியது. 1971ல் இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. அதே 1971ல் பிரிட்டனிலும் கழிமுகம், உவர்நீர் ஆய்வாளர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. கூடுவது, கட்டுரை வாசிப்பது, இளையவர்களைப் பேசவிட்டு மூத்தவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பது, கடைசியில் எல்லாவற்றையும் அச்சில் ஏற்றுவது, இவைதான் இவர்களின் வேலை.

பிரெஞ்சு படித்தவன் என்பதால் இன்னும் பழைய ஓர் உதாரணம் எனக்குத் தெரியும். என் மெசியே படம் போட்டுக் காட்டிய அந்த இடத்துக்குத் தெற்கே ஆர்க்காஷோன் என்று ஓர் ஊர். அதன் உப்பங்கழி சிப்பிக்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரர்கள் 1863லேயே ஓர் அறிவியல் சங்கம் வைத்தார்கள். நான்கே ஆண்டுகளில் கரையில் ஓர் ஆய்வுக்கூடமும் கட்டினார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நம் பக்கம் வருவோம். சென்னை அடையாறு கடலில் சேரும் இடத்தை இன்று பார்ப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பார்கள். ஆனால் 1930களில் அது ஓர் ஆய்வுக் களம். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் கோபால ஐயரும், கேரளத்திலிருந்து வந்து அங்கே ஆய்வு செய்த கேசவ பணிக்கரும் சேர்ந்து, சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி 1937ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். எந்தெந்த உயிர் எங்கே கிடைத்தது, எவ்வளவு உப்பைத் தாங்கியது என்று அதில் பதிவு செய்தார்கள். சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தது. அடையாறு எதை இழந்தது என்று இன்று ஒருவர் சொல்ல முடிகிறது என்றால், அந்த ஏடு இருப்பதால்தான்.

பணிக்கர் பின்னால் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இறால் வகைகள் உப்பு குறைந்த நீரில் எப்படித் தங்கள் உடம்பின் உப்பைக் காப்பாற்றிக்கொள்கின்றன என்று பார்த்தார். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த வேலை அவற்றுக்குச் சுலபமாகிறது என்பதை 1940ல் எழுதினார். குளிர் நாடுகளைவிட நம் முகத்துவாரங்களில் கடல் உயிர்கள் உள்ளே தாராளமாக ஏறி வருவதற்கு இது ஒரு காரணம். நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் இறாலுக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது.

சுதந்திரம் வந்த 1947ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தொடங்கி, 1949ல் மண்டபம் கேம்ப்புக்குப் போனது. மண்டபம் கேம்ப் என்றால் என் வயதுக்காரர்களுக்கு வேறு நினைவு வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன் தடுத்து நிறுத்தி, நோய் நொடி பார்த்த முகாம் அது. அந்த இடத்தில்தான் 1958ல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் பிறந்தது. கழிமுகத்துக்கு மட்டுமான சங்கம் இல்லை என்றாலும், நம் நாட்டில் கழிமுகத்தை ஆராய்ந்தவர்களுக்கு வீடு என்று சொல்ல அதுதான் இருந்தது. அடுத்த ஆண்டே இதழ் தொடங்கினார்கள். 1962 ஜனவரியில் மண்டபத்தில் சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு. 1965 ஜனவரியில் எர்ணாகுளத்தில் இறால், நண்டு வகைகளைப் பற்றி. 1968ல் சிப்பி, சங்கு வகைகள். 1969ல் மறுபடியும் மண்டபத்தில் பவளப் பாறைகள். 1980ல் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு. ஒவ்வொன்றும் தடித்தடித் தொகுதிகளாக அச்சாயிற்று. 1971ல் ஆராய்ச்சி நிலையம் கொச்சிக்கு மாறியது. சங்கமும் அங்கேதான் இன்றைக்கும் நடக்கிறது.

அச்சடித்த தொகுதி ஒரு பக்கம் இருக்கட்டும். தினம் தினம் தண்ணீரில் இறங்கியவர்கள் யார்? அதற்குப் பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும்.

போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதுத் துறைமுகம் என்று பெயர் வைத்த ஊர். 1781ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய ஊர். வசிட்டநதியும் சுவேதநதியும் சேர்ந்து உண்டான வெள்ளாறு அங்கே கடலில் கலக்கிறது. அதன் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் நிலையம் வைத்தது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அதை உருவாக்கினார். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. தெற்கே கொள்ளிடம் வரை நீளும் கழிகள், நடுவில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, எல்லாமே அவர்களுக்கு ஆய்வுக்கூடம்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் இந்த உப்பங்கழி மரங்களில் ஒன்று. கோயில் ஊர்க்காரர்களான நாம் இதை நினைவில் வைக்கலாம்.

1970களின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது, வெள்ளாற்றங்கரையில் சற்று நேரம் நின்றேன. ஓர் இளைஞர் படகிலிருந்து கயிற்றில் கட்டிய தட்டு ஒன்றைத் தண்ணீரில் இறக்கினார். அது கண்ணுக்கு மறைந்ததும் கயிற்றின் அளவை நோட்டில் எழுதினார். பிறகு குப்பியில் தண்ணீர் பிடித்தார். கரைக்கு வந்தவரிடம், “என்ன தம்பி, தினம் இதுதான் வேலையா?” என்று கேட்டேன். “ஆமாங்க ஐயா. ஓதம் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எடுக்கணும். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி இருக்கும்” என்றார். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865ல் சோதித்துப் பார்த்த தட்டு அது, தண்ணீரின் தெளிவை அளப்பதற்கு என்று பிற்பாடு படித்தேன். கடல் நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முகத்துவாரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். கோடையில் மறுபடி கடல் உள்ளே ஏறும். அங்கே ஆண்டை நான்காகப் பிரித்துக் கணக்கு வைப்பார்கள். ஜனவரியிலிருந்து மழைக்குப் பின், ஏப்ரலிலிருந்து கோடை, ஜூலையிலிருந்து மழைக்கு முன், அக்டோபரிலிருந்து மழை. நம் ஊர் வானத்துக்குத் தக்கபடி போட்ட கணக்கு இது.

அந்த நோட்டுகளின் அருமை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தெரிந்தது. சுனாமி அடங்கியதும் பரங்கிப்பேட்டை ஆய்வாளர் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரத்து 18 குப்பங்களைக் கணக்கெடுத்தார்கள். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த இடங்களில் சாவு குறைவு என்று 2005ல் எழுதினார்கள். முன்பே சொன்ன பிரிட்டிஷ் சங்கத்தோடு சேர்ந்து வெளிவரும் கழிமுக இதழில் அது வந்தது. உலகமே அதை எடுத்துப் பேசியது.

அத்தோடு முடியவில்லை. மறு ஆண்டே அதே இதழில் வேறு மூன்று ஆய்வாளர்கள் அதே 18 குப்பங்களின் எண்களை எடுத்து, மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே பெரும்பாலானதை விளக்கிவிடுகிறது, காட்டின் பங்கு அதற்கு மேல் அதிகம் இல்லை என்றார்கள். இன்னும் இருவர் வந்து, இல்லை, காட்டுக்கும் பங்கு உண்டு என்று பதில் எழுதினார்கள். எல்லாம் ஒரே இதழில், பெயர் போட்டு, மரியாதையோடு.

“இதில் யார் சொன்னது சரி தாத்தா?” என்றான் பேரன். காடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். காட்டை நம்பிக் கடலுக்கு மிக அருகில் வீடு கட்டலாமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்குத் தப்பான பதில் சொன்னால் உயிர் போகும். ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவர் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். எண்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்ததால்தான் அது நடந்தது. சங்கம் என்று ஒன்று வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், ஒரு பழைய உறுத்தல். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு மீனவர்கள் சிலர் மனு கொண்டுவந்தார்கள். முகத்துவாரம் முன்பு வேறு இடத்தில் இருந்தது, அது நகர்ந்ததால் வலை உலர்த்தும் இடம் பறிபோயிற்று, மாற்று இடம் வேண்டும் என்று கேட்டார்கள். வயதான ஒருவர் கையை நீட்டி நீட்டி விளக்கினார். நான் பதிவேடுகளைத் தேடினேன். வாய் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. ‘ஆதாரம் இல்லை’ என்று குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். விதிப்படி அது சரிதான். பெரியவர் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவை அளந்து எழுதி வைத்திருந்தால், என் பேனா வேறு வரி எழுதியிருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துச் சாக்கடையைச் சுமக்கும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலைத் தொடுகிறது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். வெள்ளம் வந்தால்தான் அது ஆறு என்று ஞாபகம் வரும். கடல் உப்பு உள்ளே ஏறாமலிருக்கவும் நல்ல தண்ணீர் நிற்கவும் அந்தப் பக்கம் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். குடிதண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் ஆறும் கடலும் கலக்கிற அந்த நாட்களை நம்பித்தான் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் கழிக்குள் ஏறுகின்றன. எத்தனை நாள் வாய் திறந்திருந்தது, எவ்வளவு உப்பு, என்ன மீன் என்று அங்கேயும் ஆண்டுதோறும் விடாமல் எழுதி வர வேண்டும்.

நம்மைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒரு கயிறு, ஒரு வெள்ளைத் தட்டு, உப்பு அளக்கும் சின்னக் கருவி, ஒரு நோட்டு, ஆரம்பத்துக்கு இது போதும். ஆர்க்காஷோன்காரர்களும் சின்னதாகத்தான் ஆரம்பித்தார்கள். பேரனும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வருகிற மழைக்குப் பிறகு வயலூர் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, முதல் பக்கத்தில் தலைப்பு எழுதிக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வேலையில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம்.