ஔந்த் ராஜாவின் நாற்பதாவது வயது

நாற்பது தாண்டியதும் டாக்டர் நம்மிடம் சொல்லும் முதல் வார்த்தை, "வாக்கிங் போங்கோ" என்பதுதான். சர்க்கரை மெல்ல எட்டிப் பார்க்கும், பி.பி. மாத்திரை வீட்டுக்குள் வரும். உடனே புது ஷூ, ஜிம்முக்கு ஒரு வருஷத்துச் சந்தா, வசதி இருந்தால் ஹாலில் ஒரு டிரெட்மில். தை மாதத்தில் கிளம்பிய உற்சாகம் சிவராத்திரிக்குள் வடிந்துவிடும். பிறகு டிரெட்மில்லில் வேஷ்டி உலரும். மும்பையிலும் தில்லியிலும் நம்மவர்கள் வீடுகளில் நான் கண்ட காட்சி இது. ஆரம்பிப்பது யாருக்கும் சிரமமில்லை. இருபது, முப்பது வருஷம் விடாமல் செய்வது எப்படி என்பதே கேள்வி. அப்படிச் செய்து காட்டிய ஒருவரின் சரித்திரம் நம்மில் பலருக்குத் தெரியாது.

மகாராஷ்டிரத்தில் சாதாரா மாவட்டத்தில் ஔந்த் என்ற சிற்றூர் இருக்கிறது. 1948 வரை அது ஒரு குட்டி சமஸ்தானத்தின் தலைநகரம். அதன் ராஜா பவான்ராவ் ஸ்ரீனிவாஸ்ராவ் பந்த் பிரதிநிதி, 1868-ல் பிறந்தவர். 'பிரதிநிதி' என்பது மராட்டிய அரசர்கள் அந்த தேசஸ்த பிராமணக் குடும்பத்துக்குப் பரம்பரையாகக் கொடுத்த பட்டம். இவர் சித்திரம் வரைவார், கீர்த்தனம் பண்ணுவார். புனே பண்டார்கர் நிலையம் மகாபாரதத்துக்கு ஆராய்ச்சிப் பதிப்பு கொண்டுவர முனைந்தபோது முன்வந்து பண உதவி செய்தவரும் இவரே. 1939-ல் காந்திஜியின் யோசனையோடு தம் அதிகாரத்தைக் குடிமக்களிடமே ஒப்படைத்தார். சொல்ல இன்னும் நிறைய உண்டு; இங்கே அவருடைய தேகப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் உடற்பயிற்சி என்றால் உலகம் முழுவதும் ஒரே பெயர்தான்: யூஜின் சாண்டோ. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் புகழ் பெற்ற பயில்வான். அந்தப் பெயரின் மோகம் எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு நம் 'சாண்டோ' சின்னப்பா தேவரே சாட்சி. ஔந்த் இளவரசரும் 1897-ல் சாண்டோவின் சாதனங்களையும் புத்தகத்தையும் வாங்கி, பத்து வருஷம் ஒழுங்காகச் செய்தார். பிறகு 1908-ல், மிரஜ் ராஜா சொன்னதன் பேரில் சூரிய நமஸ்காரத்துக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வருஷம் நடந்தது. 1909-ல் ராஜ்யபாரம் அவர் தலையில் விழுந்தது. கச்சேரி, வழக்கு, வரி, பள்ளிக்கூடம், போதாததற்கு வெள்ளைக்காரத் துரைகளோடு கடிதப் போக்குவரத்து. "ஆபீஸ் வேலை ஜாஸ்தியாகிவிட்டது, நேரமே இல்லை" என்று சொல்ல அவரைவிட நியாயம் உள்ளவர் யார்? ஆனால் நமஸ்காரம் நிற்கவில்லை. சாதனம் வேண்டாம், வாத்தியார் வேண்டாம், ஒரு ஆள் படுக்கும் இடம் போதும். பத்து நிலைகள் கொண்ட ஒரே சுற்று, மந்திரமும் மூச்சும் அதோடு இணைந்தவை. ஏற்கெனவே நாளில் இருந்த காலை வேளையோடு அது ஒட்டிக்கொண்டது. தாம் மட்டும் செய்யவில்லை; குடும்பத்தாரையும் செய்ய வைத்தார், சமஸ்தானத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கட்டாயமாக்கினார். வீட்டில் எல்லோரும் செய்யும்போது ஒருவர் மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது கஷ்டம்தானே!

1936-ல் அவர் லண்டன் போனபோது, அறுபத்தெட்டை நெருங்கியவரின் தோற்றத்தைக் கண்டு வியந்த லூயி மார்கன் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி அவரைப் பேட்டி கண்டு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1938-ல் லண்டனில் அவருடைய ஆங்கிலப் புத்தகமும் வந்தது. 1951-ல் எண்பத்திரண்டு வயதில் காலமானார். அவரைவிட ஒரு வயது மூத்த சாண்டோ 1925-லேயே, ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார். இதை வைத்து எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. இரண்டு பேரை வைத்து வைத்தியம் பேசக் கூடாது.

நம் வீடுகளில் வாத்தியாரை வைத்து அருணப் ப்ரச்னம் சொல்லி, 132 நமஸ்காரம் செய்யும் வழக்கம் உண்டு. அது வைதிக கர்மா. ராஜா பரப்பியது அதே நமஸ்காரத்தை தேகாப்யாசமாக்கிய முறை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ராஜா நூற்றுக்கணக்கில் செய்யச் சொல்கிறாரே, ஐம்பது வயது ஆபீஸ்காரரால் முடியுமா என்று கேட்பீர்கள். இதற்கு மைசூர் கிருஷ்ணமாசாரியாரிடம் பதில் இருக்கிறது. 1888-ல் பிறந்த அந்த வைஷ்ணவப் பெரியவர், மைசூர் மகாராஜாவின் ஆதரவில் 1930-களில் யோகசாலை நடத்தி, 1950-களில் சென்னைக்கு வந்து, நூறு வயது கண்டு 1989-ல் மறைந்தார். வயதுக்குத் தக்கபடி அப்யாசம் மாற வேண்டும் என்பது அவர் கொள்கை. இளமையில் சிருஷ்டி க்ரமம்: வளரும் உடம்புக்கு எத்தனை ஆசனமும் தகும். நடுவயதில் ஸ்திதி க்ரமம்: உத்தியோகமும் சம்சாரமும் தலைமேல் இருக்கும் காலம், இருக்கும் ஆரோக்கியத்தைக் காப்பாற்றினால் போதும், ஆசனம் குறைந்து பிராணாயாமம் கூட வேண்டும். முதுமையில் லய க்ரமம், அதாவது தியானம். இருபது வயதில் கல்லூரி கிரிக்கெட் ஆடியதை நினைத்துக்கொண்டு நாற்பத்தெட்டில் முதல் நாளே ஓடி முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அந்த ஸ்திதி என்ற வார்த்தையைச் சற்று யோசிக்கலாம்.

ஐரோப்பிய வைத்தியமும் கொஞ்சம் தாமதமாக இங்கேதான் வந்து சேர்ந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுவதும் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று காட்டினார். கண்டக்டர் யாரும் 'எக்ஸர்சைஸ்' செய்யப் போகவில்லை. வேலையிலேயே அது இருந்தது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சியும் வேண்டும் என்றது. ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. நான்கு மாடி படியேறினாலும் கணக்கில் சேரும்.

நான் நாற்பத்தொன்பதில் தொடங்கியபோது காலை சந்தியாவந்தனம் முடிந்த கையோடு பன்னிரண்டு நமஸ்காரம் என்று வைத்துக்கொண்டேன். ஏழு வருஷம் ஆகிறது, இன்றும் பன்னிரண்டுதான். கூட்டச் சொல்லி நண்பர்கள் தூண்டுவார்கள், கூட்டவில்லை. சாயங்காலம் அரைமணி நடை தனி. முழங்கால், முதுகு, இருதயத்தில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குனிந்து நிமிர வேண்டாம். அவர்களுக்கு நடையே போதும்.

புனே, கோலாப்பூர் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஔந்த் போய் வரலாம். ராஜா சேர்த்து வைத்த ரவிவர்மா ஓவியங்கள் அங்கே மியூசியத்தில் இருக்கின்றன. அதற்கும் மேலே மலையுச்சியில் யமாயி தேவி கோயில். படிகள் உண்டு, நிதானமாக ஏறுங்கள்.