பெயருக்கு முன்னால் ஓர் எண்

"உன் கொள்ளுத்தாத்தா கவர்மெண்ட் வேலைக்குக் கப்பலேறி வந்தவருடா" என்றுதான் பாட்டி சொல்வார். என்ன வேலை என்று கேட்டால், "போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்பார். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு விஷயம் விளங்க நாற்பது வயதாயிற்று. பாட்டி காலமானபின் அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய நிலப் பத்திரம் கிடைத்தது. அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் ஓர் எண். அது கைதி எண்.

1857 கிளர்ச்சியை அடுத்து, 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் வந்திறங்கினார். (2024 முதல் இவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) பின்னர் சென்னை மாகாணம் உட்படப் பல மாகாணங்களிலிருந்தும் தீவாந்தர தண்டனை பெற்றவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொலை, கொள்ளை வழக்குகளில் சிக்கிய சாதாரண ஜனங்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு மரவில்லை தொங்கும். கைதி எண், குற்றப்பிரிவு, தண்டனை பெற்ற தேதி, விடுதலைத் தேதி ஆகியவை அதில் இருக்கும், பெயருக்கு வேலையில்லை.

1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் இங்கிருந்த ஆவணங்கள் பல அழிந்துபோயின. ஆகவே டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடினேன். மூன்றாவது பயணத்தில் நீதித்துறைக் காகிதம் கிடைத்தது. இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 302. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

சொந்தக்காரர் ஒருவர், "வெள்ளைக்காரனை எதிர்த்தார்னு எழுதிடுப்பா, யாரு கேக்கப்போறா?" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெட்டுப்பட்டவருக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்களே!

ஆனால் அந்த ஒரு வரியோடு அவர் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறையைக் கட்டியது கைதிகளின் கைகளே. பத்தாண்டு உழைத்து நன்னடத்தை காட்டிய ஆண்களுக்கு 'செல்ப் சப்போர்ட்டர்' என்ற நிலை கிடைக்கும். நிலம் உழலாம், கைதிப் பெண் ஒருவரை மணக்கலாம். கொள்ளுத்தாத்தா மணந்தது ஒரு வடநாட்டுப் பெண்ணை. அவருக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் இந்துஸ்தானிதான். மருமகளாக வந்த பாட்டிதான் தமிழைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தார். விடுதலைக்குப் பிறகும் கொள்ளுத்தாத்தா ஊர் திரும்பவில்லை. வரப்புக்காகக் கொலை செய்தவர், காட்டை வெட்டி இங்கே வேறொரு வரப்புப் போட்டார். அந்த நிலத்தில்தான் எங்கள் வீடு நிற்கிறது.

இச்சிறைக்குச் சுற்றுலா வருவோர் தியாகிகளின் கதை கேட்டுக் கண்கலங்குகிறார்கள், அது நியாயமே. அந்தச் செங்கல்லை அடுக்கியவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம். அவர்களைத் தியாகியாக்கவும் வேண்டாம், ஒளித்துவைக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள்.

பாட்டி இருந்திருந்தால், "ஊரறிய எழுதிட்டியே!" என்று திட்டியிருப்பார். ஆனால் அந்தப் பத்திரத்தை அவர் கிழித்துப் போடவில்லையே!